காணாமல் போன 2 ஜி.பி. எங்கே?

பூட்டு ஊரில் ஒரு கம்ப்யூட்டர் பூட்டு!

பெட்டிக்குள் பொருள் இருக்கிறது. மூடியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிறது. கையால் தொட்டும் பார்க்கலாம். ஆனால் பெட்டியோ, "அது என்னிடம் இல்லவே இல்லை" என்று சாதிக்கிறது!

இது மந்திரவாதி கதை அல்ல. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளில் நடக்கிற சங்கதி.

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் வழியில் சின்னாளப்பட்டி இருக்கிறது. சேலைக்குப் பெயர் போன ஊர். அங்கே ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். அக்காள் பள்ளியில் படித்தபோது சர்க்கார் கொடுத்த லேப்டாப், இப்போது தம்பியின் கைக்கு வந்திருக்கிறது. தமிழக சர்க்கார் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் இப்படி லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்தது. பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். லேப்டாப் ஆமை போல நகர்கிறது. ஒரு படத்தைத் திறந்தால் அது வருவதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"மெமரி பத்தவில்லை அம்மா. 2 ஜி.பி.தான் இருக்கிறது. இன்னொரு 2 ஜி.பி. போட்டால் பறக்கும்" என்றான்.

அம்மா சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சேர்த்த காசு. மகன் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினான். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றினார். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டையைச் செருகினார். மூடினார். பணத்தை வாங்கிக் கொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், திரையில் ஒரு வரி:

"பொருத்தப்பட்ட மெமரி 4 ஜி.பி. உபயோகிக்கக் கூடியது 2 ஜி.பி."

"பாதியைக் கடைக்காரன் எடுத்துக் கொண்டானா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரு கிலோ சர்க்கரைக்குக் காசு கொடுத்து அரை கிலோ வந்தால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

மறுநாள் மகன் கடைக்கு ஓடினான். கடைக்காரரோ, "தம்பி, சரக்கு நல்ல சரக்கு. உன் லேப்டாப்தான் அதை ஏற்க மாட்டேன் என்கிறது. வேண்டுமானால் புது லேப்டாப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. பின் பாதிக்குத்தான் வீட்டுப் பணம் பலியாகப் பார்த்தது!

மேஜையும் பீரோவும்

மெமரி என்றால் என்ன? கடைகளில் இதை "ராம்" என்பார்கள். ராமபிரானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் பீரோ இருக்கிறது, மேஜை இருக்கிறது. புத்தகமெல்லாம் பீரோவில் அடுக்கியிருக்கும். படிக்கும்போது எடுத்து மேஜைமேல் விரிப்போம். கம்ப்யூட்டரில் பீரோ என்பது ஹார்ட் டிஸ்க். மேஜை என்பது ராம். மேஜை சின்னதாக இருந்தால் ஒரு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததை விரிக்க முடியும். லேப்டாப் ஆமையாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே, தம்பி மேஜையைப் பெரிதாக்க நினைத்ததில் தப்பில்லை.

மேஜையை யார் பங்கிட்டுக் கொடுப்பது? அதற்கு ஒரு மேனேஜர் இருக்கிறார். அவருக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். விண்டோஸ் ஒரு மேனேஜர். லினக்ஸ் இன்னொரு மேனேஜர். எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு இடம் என்று தீர்மானிப்பது இவர்தான். இவர் கண்ணில் படாத இடம், இருந்தும் இல்லாத இடம்!

429 கோடி கதவுகள்

மெமரிக்குள் கோடிக்கணக்கான குட்டி அறைகள் இருக்கின்றன. ஓர் ஆங்கில எழுத்தை வைக்க ஓர் அறை போதும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லித்தான் மேனேஜர் பொருளை வைக்கிறார், எடுக்கிறார்.

எண்ணுக்கு எத்தனை இலக்கம்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

திண்டுக்கல்லின் அஞ்சல் குறியீடு 624001. இந்தியா முழுவதும் 1972-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று வந்த ஏற்பாடு இது. ஆறு இலக்கம். ஆறு இலக்கத்தில் அதிகபட்சம் 10 லட்சம் எண்கள்தான் எழுத முடியும். அதற்கு மேல் ஒரு தபால் ஆபீஸ் கூடுதலாகத் திறந்தால்? ஏழாவது இலக்கம் வேண்டும். கட்டிடம் இருக்கலாம், ஆட்கள் இருக்கலாம். எண் இல்லையே!

கம்ப்யூட்டருக்குப் பத்து விரல் கிடையாது. 0, 1 என்ற இரண்டே எண்கள்தான் தெரியும். ஓர் இலக்கம் இருந்தால் 2 கதவு. இரண்டு இலக்கம் என்றால் 4. மூன்று என்றால் 8. இலக்கம் ஒன்று கூடினால் கதவுகள் இரட்டிப்பாகும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதை மாதிரிதான்! முதலில் அற்பமாகத் தெரியும். 10 இலக்கத்தில் 1,024. 20 இலக்கத்தில் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576. 32 இலக்கத்துக்கு வந்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 கதவுகள்! இதற்குத்தான் 4 ஜி.பி. என்று பெயர்.

இந்த இலக்கத்தைக் கம்ப்யூட்டர்க்காரர்கள் "பிட்" என்கிறார்கள். "32 பிட்" கம்ப்யூட்டர் என்றால் 32 இலக்கம் வரை கதவு எண் எழுதத் தெரிந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள்

மதுரை ஜில்லாவைப் பிரித்துத் திண்டுக்கல்லைத் தனி ஜில்லாவாக்கியது 1985-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. அதற்கு அடுத்த மாதம், அக்டோபரில், அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி "80386" என்ற சிப்பை வெளியிட்டது. பின்னாளில் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நிறைந்துவிட்ட 32 பிட் சிப் பரம்பரைக்கு அதுதான் மூத்தது. அதாவது, 4 ஜி.பி. சுவரும் திண்டுக்கல் ஜில்லாவும் ஏறக்குறைய ஒரே வயசு!

அப்போது அது சுவராகவே யாருக்கும் தோன்றவில்லை. கடல் மாதிரி தெரிந்தது. ஏனென்றால், நாலு வருஷத்துக்கு முன்பு, 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பிரபலமான கம்ப்யூட்டர் வெறும் 16 கே.பி. மெமரியோடும் விற்பனைக்கு வந்தது. 4 ஜி.பி.யை நிரப்ப அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் 2 லட்சத்து 62 ஆயிரத்துக்கு மேல் வேண்டும்! அந்தக் கம்ப்யூட்டரின் சிப் 20 இலக்கம் வரை எழுதும். அந்த 10 லட்சத்துச் சொச்சம் கதவுகளிலும் புரோகிராம்களுக்கு விட்டது 640 கே.பி.தான். மீதியைத் திரைக்கும் மற்ற சாமான்களுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். அதை ஆரம்பத்தில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சில வருஷங்களிலேயே கழுத்தை இறுக்கியது.

கம்ப்யூட்டர் சரித்திரத்தில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. போதும் போதும் என்று கட்டிய வீடு, பேரன் பிறப்பதற்குள் போதாமல் போகிறது.

3.25 ஜி.பி. மர்மம்

தம்பியின் லேப்டாப்பில் காணாமல் போனது 2 ஜி.பி. வேறு சில வீடுகளில் 4 ஜி.பி. போட்டால் 3 ஜி.பி., 3.25 ஜி.பி., 3.5 ஜி.பி. என்று விதவிதமாகக் காட்டும். இது என்ன கணக்கு?

ஒரு தெருவில் 00 முதல் 99 வரை நூறு கதவு எண்கள்தான் உண்டு. நூறு வீடுகளையும் கட்டிவிட்டார்கள். ஆனால் குழாயடி, ரேஷன் கடை, பால் பூத்து, சாவடி எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தாக வேண்டும். மேல் பக்கத்து எண்களில் இருபதை அவற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதி எண் எண்பது. வீடு நூறு. கடைசி இருபது வீட்டுக்கு எண் இல்லை. தபால்காரர் அந்தப் பக்கமே போகமாட்டார். வீடு இடிந்துவிட்டதா? இல்லை. யாராவது திருடிவிட்டார்களா? இல்லை. கடுதாசிதான் போய்ச் சேராது!

32 பிட் கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்பும் சாதனம், நெட்வொர்க் சாதனம் முதலியவையும் அதே 429 கோடிக்குள்தான் எண் வாங்குகின்றன. அவை எவ்வளவு வாங்குகின்றனவோ அவ்வளவு மெமரி எண் இழந்து நிற்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் இழப்பும் பெரிது. காசு அதிகம் செலவழித்தவருக்கு நஷ்டமும் அதிகம்!

ஒரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸ் விஸ்டா வந்தபோது, "என் மெமரி குறைகிறதே" என்று ஜனங்கள் கேட்டார்கள். 2008-ல் வந்த முதல் திருத்தத்தில், உபயோகிக்க முடிகிற மெமரிக்குப் பதிலாகப் பொருத்தியிருக்கிற மெமரியைத் திரையில் காட்டும்படி மாற்றினார்கள். 32 பிட்டில் ஒரு கதவுகூடக் கூடுதலாகத் திறக்கவில்லை. வாசல் போர்டு மட்டும் மாறியது.

சுவர் வேறு, பூட்டு வேறு

ஆனால் 2 ஜி.பி.? 32 இலக்கத்தில் 4 ஜி.பி. எண்ணலாமே! தம்பியின் லேப்டாப் ஏன் பாதியோடு நின்றது?

மாங்காய்ப் பூட்டும் மணிப் பூட்டும் செய்த திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவேலையாகச் செய்த பூட்டு. அறையைப் பூட்டினால் அறை சிறுத்துவிடாது. உள்ளே போக முடியாது, அவ்வளவுதான்.

2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் பல ரகங்கள் உண்டு. அடிமட்ட ரகத்துக்கு "ஸ்டார்ட்டர்" என்று பெயர். சிறிய, மலிவான கம்ப்யூட்டர்களில் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. 32 பிட்டில் மட்டுமே வந்தது. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது! மெமரிக்கும் 2 ஜி.பி. என்று வரம்பு கட்டியிருந்தார்கள். அதே கம்ப்யூட்டரில், அதே சிப்பில், அதே மெமரியில், அதே 32 பிட்டில் மேல் ரக விண்டோஸ் 7-ஐப் போட்டால் 4 ஜி.பி. வரை எண்ணும்.

ஆக, 4 ஜி.பி. என்பது கணக்கு கட்டிய சுவர். 2 ஜி.பி. என்பது வியாபாரம் போட்ட பூட்டு. விற்பனை நடந்த காலத்தில் கூடுதல் பணம் கட்டினால் மேல் ரகத்துக்குச் சாவி கொடுத்தார்கள். புது டிஸ்க் வேண்டியதில்லை. சாவி எண்ணைத் தட்டினால் போதும். பொருள் ஏற்கெனவே பெட்டிக்குள்தான் இருந்தது!

சுவர் என்று சொன்னோமே, அதிலும் ஒரு சந்து இருந்தது. 1995-ல் வந்த பென்டியம் ப்ரோ சிப்பில் கதவு எண்ணை 36 இலக்கம் வரை எழுத வழி செய்தார்கள். 64 ஜி.பி. வரை போகலாம். பெரிய ஆபீசுகளுக்கு விற்ற 32 பிட் விண்டோஸ் ரகங்கள் அந்தச் சந்து வழியாக 4 ஜி.பி.யைத் தாண்டின. வீட்டு விண்டோசுக்கு அந்த வழியை அடைத்து வைத்தார்கள். கம்பெனி சொன்ன காரணம்: வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் பல சாதனங்களின் புரோகிராம்கள் 4 ஜி.பி.க்கு மேலே போனால் தடுமாறுகின்றன, கம்ப்யூட்டரே நின்றுவிடுகிறது. அந்தக் காரணத்தை முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் ஸ்டார்ட்டர் ரகத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

64 பிட் என்பது தனிக் கதை. 2003-ல் ஏ.எம்.டி. கம்பெனி பழைய 32 பிட் புரோகிராமையும் ஓட்டக்கூடிய 64 பிட் சிப்பைக் கொண்டுவந்தது. 64 இலக்கத்தில் எத்தனை கதவு தெரியுமா? 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடிக்கு மேல்! 2021-ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. புது லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு 4 ஜி.பி. சுவர் இல்லை. வீட்டில் தூங்கும் பழைய பெட்டிகளுக்குத்தான் இந்தத் தலைவலி.

கடைக்காரரைத் திட்டும் முன்

மெமரி குறைவாகத் தெரிந்தால் எப்போதும் பூட்டும் சுவரும்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. சில சமயம் காரணம் வெறும் தூசி!

பட்டையின் அடிப்பக்கத்தில் தங்க நிறத்தில் வரிசையாகக் கோடுகள் இருக்கும். அதில் அழுக்குப் படிந்தாலும், பட்டை சரியாக அழுந்தாமல் போனாலும், அது இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். கையில் இருக்கும் நிலை மின்சாரம் போக ஓர் இரும்புச் சாமானைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கோடுகளைப் பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் துகளை நன்றாகத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினால் பல சமயம் சரியாகிவிடும். "கிளிக்" என்று இரண்டு பக்கமும் கொக்கி விழ வேண்டும்.

பட்டையிலும் ஜாதி உண்டு. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று பெயர். ஒவ்வொன்றிலும் வெட்டுப் பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. அமுக்கினால் உடையும். வாங்கப் போகும்போது பழைய பட்டையையே கழற்றிக் கையோடு எடுத்துப் போகிறவர் புத்திசாலி.

இன்னொரு விசித்திரம்: சிலர் தாங்களே பூட்டு போட்டுக் கொள்கிறார்கள்! விண்டோசில் "எம்.எஸ்.கான்பிக்" என்று ஓர் இடம் உண்டு. அதில் "பூட்" பகுதிக்குள் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்று இருக்கும். அங்கே "மாக்சிமம் மெமரி" என்று ஒரு சின்னக் கட்டம். "மாக்சிமம் என்றால் முழுசும்தானே, கிடைக்கட்டும்" என்று அதில் டிக் அடித்துவிடுவார்கள். உண்மையில் அது "இதற்கு மேல் தொடாதே" என்று மேனேஜருக்குப் போடும் உத்தரவு! டிக்கை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் மெமரி தானே வந்துவிடும். செலவு ஒரு பைசா இல்லை.

64 பிட் மேனேஜர் இருந்தும் சிறிது குறைகிறதா? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், திரைக்குப் படம் வரைகிற சிப்பு மெமரியிலேயே ஒரு பங்கை எடுத்துக் கொள்ளும். அது திருட்டு அல்ல, கூலி. பழைய போர்டு சிலவற்றில் "மெமரி ரீமேப்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. எண் இழந்த வீடுகளுக்கு 4 ஜி.பி.க்கு மேலே புது எண் கொடுப்பது. அது அணைந்திருந்தால் போட வேண்டும். பெரிய எண்ணைப் படிக்கத் தெரிந்த மேனேஜர் இருந்தால்தான் அதனால் பலன்.

பூட்டு திறந்தது

சின்னாளப்பட்டி வீட்டுக்குத் திரும்புவோம். புது லேப்டாப்புக்கு எங்கே போவது? அம்மா காதுத் தோட்டைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சமயத்தில் காந்திகிராமத்தில் படிக்கும் அத்தை மகள் வந்தாள் என்று வைத்துக் கொள்வோம்.

அவள் திரையைப் பார்த்தாள். "விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்" என்று எழுதியிருந்தது.

"அத்தை, தோட்டை எடுக்காதீர்கள். மெமரி எங்கேயும் போகவில்லை. இந்த மேனேஜருக்கு இரண்டுக்கு மேல் எண்ணக் கூடாது என்று கட்டளை. ஆளை மாற்றினால் சரியாகிவிடும்" என்றாள்.

விண்டோஸ் 7-க்குக் கம்பெனி 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதியோடு பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. ஆகவே அதை விட்டுவிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அவள் கொண்டுவந்தது லினக்ஸ். பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியது. அவர் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரில் எந்தச் சிப் தெரியுமா? அதே 386! அவர் அதைப் பூட்டிவைத்து விற்கவில்லை. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று விட்டுவிட்டார். நம் சென்னையில் உள்ள சி-டாக் நிலையமும் அதை வைத்து "பாஸ் லினக்ஸ்" என்ற ரகத்தைச் செய்தது. இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோசுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்சும் வந்தது. பல பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை!

முதலில் அவள் தம்பியின் பாடங்கள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். மேனேஜரை மாற்றும்போது பீரோ காலியாகிவிடும் அபாயம் உண்டு. பிறகு லேப்டாப்பில் இருப்பது 64 பிட் சிப்தானா என்று பார்த்தாள். ஆம், அதுதான். இத்தனை நாளும் 64 பிட் சிப், 32 பிட் மேனேஜரிடம் கை கட்டி நின்றிருக்கிறது! 64 பிட் லினக்சைப் போட்டாள். சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்தது.

கறுப்புத் திரையில் "ஃப்ரீ" என்ற ஆங்கில வார்த்தையைத் தட்டினாள். மெமரிக் கணக்கைக் காட்டு என்று லினக்சுக்கு இடும் ஆணை அது. எண்கள் வரிசையாக வந்தன. மொத்தம் என்ற இடத்தில் 3,800 எம்.பி. சொச்சம்.

தம்பி துள்ளிக் குதித்தான்.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"4 ஜி.பி. என்றால் எவ்வளவு?"

"4,096 எம்.பி., அத்தை."

"அப்படியானால் மீதி இருநூற்றுச் சொச்சம் எங்கே?"

"படம் வரைகிற சிப்புக்கும் லினக்சுக்கும் போயிருக்கிறது, அத்தை."

"சரி, அவர்களும் வேலை செய்கிறார்கள் அல்லவா" என்று சொல்லிவிட்டு, அம்மா சேலைக்கு முடிச்சுப் போட உட்கார்ந்தாள்.